ஏழாம் எண் நோட்டு

அலுவலகத்தில் அவரை எல்லோரும் நாளைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாளைக் காலை ஊரின் காற்றில் எவ்வளவு தூசும் புகையும் இருக்கும் என்று இன்று மாலை ஐந்து மணிக்கே சொல்வது அவர் வேலை. ஜோசியம் என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். மூன்று வருடத்துக் காற்று வேகம், ஈரப்பதம், வெயில், லாரிப் போக்குவரத்து, ஊரில் ஐந்து இடங்களில் வைத்திருக்கும் தூசுமானிகள் காட்டிய அளவு எல்லாவற்றையும் கணினிக்குள் கொட்டுவார். எது ஏறினால் எது ஏறுகிறது என்று அதற்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார். பிறகு நல்லது, சுமார், மோசம் என்று மூன்றில் ஒரு வார்த்தையை எடுத்து ஊருக்குச் சொல்வார். பத்துக்கு எட்டு நாள் பலிக்கும். பலிக்காத இரண்டு நாளில்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். எதிரில் வைத்த டீ ஆடை கட்டிப்போகும். என்ன என்று மனைவி கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்பார். அந்த ஒண்ணுமில்லவுக்குப் பின்னால் ஒரு மணி நேரப் புலம்பல் காத்துக்கொண்டிருக்கிறது என்பது, கல்யாணமாகிப் பதினாறு வருடமான அவளுக்கு அத்துப்படி.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிளைப்பு உண்டு. மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில், கண்ணாடிகளை ஃப்ரேமுக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துகிற வேலை. மிஷினில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதால் தூசு பறக்காது என்பதை அவர் நேரில் போய் அரைமணி நேரம் நின்று பார்த்து, கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தி, அதற்குப் பிறகே அவளை அங்கே போகவிட்டார். வீட்டிலிருந்து கடை இரண்டு கிலோமீட்டர். நடந்து போவதில் அவளுக்குக் கொள்ளை ஆசை. காற்று நல்லதென்றால் நடை, மோசமென்றால் பஸ். உண்மையைச் சொன்னால் அவர் இந்த வேலைக்கு வந்ததே அவளால்தான். அதற்கு முன்னால் ஒரு சோப்புக் கம்பெனியில், அடுத்த மாதம் எத்தனை சோப்பு விற்கும் என்று கணித்துக்கொண்டிருந்தார்.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு சோதனை தொடங்கினார்கள். இளைப்பு உள்ள இருபத்தாறு பேரிடம் ஆளுக்கொரு நோட்டு. தினமும் சாயங்காலம் அதில் ஒரே ஒரு எண் எழுத வேண்டும். மூச்சுக்குத் தொந்தரவே இல்லை என்றால் பூஜ்யம், டாக்டரிடம் ஓட வேண்டியிருந்தால் ஐந்து, இடைப்பட்டதற்கு இடைப்பட்ட எண். கணிப்பு சரிதான் என்று நோட்டுகள் சொன்னால், ஊரில் இளைப்புள்ள நானூறு வீட்டுக்குத் தினமும் போனில் செய்தி போகும்: ‘நாளை வெளியே போகலாம்’, அல்லது ‘போகாதீர்கள்’. நோட்டில் பெயர் கிடையாது, எண்ணும் பக்கத்தில் இருக்கும் தூசுமானி எது என்பதும் மட்டும். ஏழாம் எண் அவர் மனைவி.

மற்ற இருபத்தைந்து நோட்டுகளும் ஆறு மாதம் முடிந்த பிறகுதான் அலுவலகம் வந்து சேரும். ஏழாம் நோட்டு அவர் வீட்டு மேஜையிலேயே கிடந்தது. பார்க்காமல் இருக்க முடியுமா? தினமும் பார்த்தார். பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டார். நல்லது என்று அவர் சொன்ன நாளில் அவள் பூஜ்யம் போட்டிருப்பாள். ‘இன்னைக்கு நடந்துதான் போனேன், காத்து அவ்வளவு சுகமா இருந்துச்சு’ என்று வேறு சொல்வாள். தொங்கிப் போயிருந்த முகம் நிமிர்ந்துவிடும்.

இதில் ஒரே ஓர் இடைஞ்சல், அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் பள்ளிக்கூட மொட்டை மாடியில் இருந்த தூசுமானி. அந்த ஆறு மாதத்தில் ஒன்பது நாள், காற்றே அசையாத குளிர்ந்த காலைகளில், அது திடீரென்று எக்குத்தப்பாக ஏறியது. அவர் கணிப்போ அந்த ஒன்பது நாளும் நல்லது. மற்ற நான்கு மானிகளும் சாதுவாக இருந்தன. அவர் பழுதுபார்ப்பவரை இரண்டு தடவை மாடி ஏற்றினார்.

“சார், மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. காத்துலதான் இருக்கு,” என்றார் பழுதுபார்ப்பவர்.

“அங்கேயே குடியிருக்கிற எனக்குத் தெரியாதா?” என்று அவரை அனுப்பிவிட்டு, ஒன்பது நாள் அளவுக்கும் நேரே ‘பழுது’ என்று குறித்து, கணக்கிலிருந்து நீக்கிவிட்டார். பக்கத்துத் தெருவில் நடந்துபோன இளைப்புக்காரி பூஜ்யம் போட்டிருக்கும்போது, மாடியில் நிற்கும் இரும்புப் பெட்டியை எவன் நம்புவான்?

ஒரு வெள்ளிக்கிழமை காலை, எல்லா நோட்டுகளும் வந்து சேர்ந்து கணினியில் ஏறியபின், அவருடைய மேலதிகாரி அம்மாள் கூப்பிட்டாள். திங்கட்கிழமை முதல் செய்தி போவதாக ஏற்பாடு. திரையில் இருபத்தாறு கோடுகள் ஓடின.

“இருபத்தஞ்சு பேரும் மானியோட ஏறி, மானியோட இறங்குறாங்க. பாருங்க,” என்றாள் அவள். “இந்த ஏழாம் நம்பர் மட்டும் தனி ரகம். இவங்க நுரையீரல் காத்தைப் பார்க்கல சார், உங்க கணிப்பைப் பார்த்துதான் ஏறி இறங்குது.”

அவர் குனிந்து பார்த்தார். ஏழாம் கோடு அவருடைய கணிப்புக் கோட்டின்மேல் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

“நீங்க நல்லதுன்னு சொன்னா பூஜ்யம். மோசம்னு சொல்லி காத்து நல்லா இருந்தாலும் ஒரு மூணு. யாரோ உங்க கணிப்பைப் பார்த்து நோட்டை நிரப்பியிருக்காங்க. தூக்கிடுங்க அவங்கள. அப்புறம் இன்னொண்ணு, பள்ளிக்கூடத்துப் பக்கம் இருக்கிற மத்த நாலு பேரும் இந்த ஒன்பது நாள்ல மூணு, நாலுன்னு போட்டிருக்காங்களே. அந்த மானி நிஜமாவே பழுதா?”

அவர் ஒரு தாளை எடுத்து அந்தத் தேதிகளைக் குறித்துக்கொண்டார். ஒன்பது தேதிகளையும் பார்த்தார். எல்லாமே அவர் வாடிப்போய் வீடு திரும்பிய நாட்கள். எல்லா நாளும் அவளே வலிய வந்து, நடந்து போனேன், சுகமாக இருந்தது என்று சொன்ன நாட்கள். பதினாறு வருடமாக வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனிதர்தான். ஆனால் எண்கள் சொன்னால் உடனே புரிந்துவிடும்.

பிறகு இன்னொரு எண் ஞாபகம் வந்தது. இன்று காலைக்கு அவர் சொன்னது நல்லது. பள்ளிக்கூட மானியைத் திறந்து பார்த்தார். நல்லதுக்கு இருக்க வேண்டியதைப்போல் நான்கு மடங்கு காட்டியது.

கடைக்குப் போன் போட்டார். கண்ணாடிக் கடைக்காரர்தான் எடுத்தார்.

“வந்துட்டாங்க சார். உள்ள ரூம்ல உக்கார்ந்திருக்காங்க. நடந்து வர்ற நாள்ல சில சமயம் இப்படித்தானே, ஒரு அரைமணி நேரம் உக்கார்ந்து மூச்சு வாங்கிட்டுத்தான் மெஷினைத் தொடுவாங்க. உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும்,” என்று பொய் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

கடையின் உள்ளறையில் அவள் சுவரில் சாய்ந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின. கையில் இன்ஹேலர். அவரைப் பார்த்ததும் அதை முந்தானைக்குள் மறைத்தாள். அந்த ஒரு செய்கை அவரைக் கோடுகள் எல்லாவற்றையும்விட அதிகமாகக் குத்தியது.

“எடு அதை வெளிய,” என்றார். “இன்னொரு தடவ இழு. டாக்டர்கிட்ட போவோமா?”

அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். பத்து நிமிடம் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் மூச்சையே எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணுவதைத் தவிர மனிதருக்கு வேறென்ன தெரியும்? அது ஒரு வழியாகத் தணிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“ஏன் இப்படிப் பண்ணின?”

“என்ன பண்ணினேன்?”

“மழுப்பாத. நோட்டு.”

குட்டு உடைந்துவிட்டது என்று தெரிந்ததும் அவள் அழவில்லை, சண்டைக்கு வந்தாள். “வேற என்னங்க பண்ணச் சொல்றீங்க? தப்பாப் போன நாள்ல உங்க மூஞ்சியக் கண்ணாடில பார்த்திருக்கீங்களா? சாப்பிட மாட்டேங்கிறீங்க, தூங்க மாட்டேங்கிறீங்க. எனக்காக இருந்த வேலைய விட்டுட்டு வந்த மனுசன்கிட்ட, உங்க கணக்கு தப்பு, எனக்கு மூச்சு முட்டுதுன்னு எந்த வாயால சொல்றது? ஒரு பூஜ்யம் போட்டா சிரிக்கிறீங்க. போட்டுட்டுப் போறேன்.”

“மோசம்னு சொன்ன நாள்ல, நல்லா இருந்தாலும் மூணு போட்டிருக்கியே?”

“மோசம்னு சொல்லி நல்லா இருந்தா அதுவும் தப்புதானே?”

அவருக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. கோபப்பட வேண்டிய நேரத்தில் சிரிக்க வைப்பதில் அவள் கெட்டிக்காரி. ஆனால் சட்டைப்பையிலிருந்த தாளில் ஒன்பது தேதிகள் இருந்தன. எடுத்து வைத்துக்கொண்டு, “ஒவ்வொண்ணா நிஜத்தைச் சொல்லு,” என்றார்.

அவள் யோசிக்கக்கூட இல்லை. “மூணு. நாலு. இது நீங்க டீயத் தொடாத நாள், நாலு. இது மூணு.” எப்படி இவ்வளவு ஞாபகம் என்று கேட்டதற்கு, “நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வந்த நாளெல்லாம் எனக்கு மறக்காது,” என்றாள். எட்டாவது தேதிக்கு வந்ததும் நிறுத்தினாள்.

“சொல்லு.”

“அஞ்சு.”

“டாக்டர்கிட்ட போனியா?”

“தங்கச்சியக் கூப்பிட்டுக்கிட்டுப் போனேன். மருந்துப் புகை வச்சாங்க. ரெண்டு மணி நேரம்தான். மாமாகிட்ட சொல்லிடாதன்னு அவகிட்ட சத்தியம் வாங்கினேன்.”

அந்த நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்று சாயங்காலம் முழுக்கப் பழுதுபார்ப்பவரைத் திட்டித் தீர்த்தார். அவள் எதிரில் உட்கார்ந்து உம் கொட்டிக்கொண்டிருந்தாள். பேச முடியாமல்தான் உம் கொட்டினாள் என்பது இப்போதுதான் உறைத்தது. அவர் அழுதார். வெளியே கடைக்காரர் ஃப்ரேம்களைத் துடைக்கிற சாக்கில் காதை இங்கேதான் வைத்திருக்கிறார் என்று தெரிந்தும் அழுதார்.

“நான் தப்பாச் சொன்னா ஒரு நாள் சோறு இறங்காது, அவ்வளவுதான். உனக்கு மூச்சு இல்லன்னா நான் யாருக்குக் காத்தக் கணிக்கிறது? சோப்பே வித்துக்கிட்டு இருந்திருப்பேனே,” என்றார்.

“நான் உங்க வேலையக் கெடுத்துட்டேனா?” அப்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது.

“ஆமா,” என்றார் அவர். இனிமேல் இந்த வீட்டில் யாரும் யாருக்காகவும் எதையும் பூசி மெழுக வேண்டாம் என்று அந்த நிமிடமே தீர்மானித்திருந்தார். “ஆனா திங்கக்கிழமைக்குள்ள தெரிஞ்சதே, அது பெரிசு. உன்ன மாதிரி நானூறு பேர அந்தப் புகைக்குள்ள நடக்கச் சொல்லியிருப்பேன்.”

அவளை ஆட்டோவில் வீட்டில் விட்டுவிட்டு, மதியம் மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“வீட்டம்மாவையே சோதனைல சேர்த்து, தினமும் நோட்டையும் எட்டிப் பார்த்து, அத வச்சு மானியப் பழுதுன்னு முடிவு பண்ணியிருக்கீங்க. புள்ளியியல் படிச்சவங்கதானே நீங்க?”

“படிச்சேன் மேடம்.”

“ஞாபகத்துல சொன்ன நம்பர் எனக்கு வேண்டாம். ஏழாம் நோட்ட ஓரம் கட்டுங்க. அந்த ஒன்பது நாள் மானி அளவையும் திரும்பச் சேர்த்து, கணினிய மறுபடி கத்துக்க விடுங்க. செய்தி அனுப்புறது ரெண்டு மாசம் தள்ளிப் போகுது. மேல நான் பேசிக்கிறேன்.” பிறகு குரலைத் தணித்து, “அவங்க இப்ப எப்படி இருக்காங்க?” என்று கேட்டாள்.

ஒன்பது நாளும் திரும்ப உள்ளே போனதும், கணினி அதுவரை கற்காத ஒன்றைக் கற்றுக்கொண்டது. காற்று அசையாத குளிர்ந்த காலையில், ஊருக்கு வெளியே குப்பை எரிகிற புகை மேலே போகாமல் தவழ்ந்து வந்து, பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பள்ளத் தெருக்களில் தங்கிவிடுகிறது. பழுதுபார்ப்பவரிடம் அவர் போய் மன்னிப்புக் கேட்டார். கணிப்பு இப்போது கொஞ்சம் பயந்த சுபாவமாகிவிட்டது. சந்தேகம் வந்தால் மோசம் என்றது. மனைவி முணுமுணுக்காமல் பஸ் ஏறினாள். புது நோட்டு ஒன்றை, சோதனைக்கு இல்லை, வீட்டுக்கென்று வாங்கி எழுதினாள். இரண்டு என்று எழுதிய நாளில் இரண்டு என்று வாயாலும் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. முந்தின நாள் மாலை அவர் மோசம் என்று சொல்லியிருந்தார். காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் அவர் போன் அடித்தது.

“என்னங்க கணிப்பு உங்க கணிப்பு?” எடுத்த எடுப்பிலேயே சத்தம். “ஜன்னலத் திறந்து பாருங்க, காத்து சிலுசிலுன்னு அடிக்குது. ஒரு தூசு கிடையாது, ஒரு புகை கிடையாது. நான் என்னடான்னா பஸ்ல நசுங்கி வந்திருக்கேன், ஒருத்தன் என் கால மிதிச்சுட்டான். சுத்தத் தப்பு! இதுக்கா ஆபீஸ் முழுக்க உக்கார்ந்து கணக்குப் போடுறீங்க?”

மூச்சு விடாமல் பேசினாள். ஓர் இடத்தில்கூட நின்று இழுக்கவில்லை. நாளைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

“என்ன ஆச்சு சார்?” என்றாள் மேலதிகாரி அம்மாள்.

“கணிப்பு தப்பாம் மேடம்,” என்றார் அவர், வாயெல்லாம் பல்லாக. பிறகு போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார். “எங்க, இன்னொரு தடவ திட்டு.”