கலியமூர்த்தி அளந்த ஆறு

1

இதை எழுதச் சொன்னது வனஜா. ஆவடியில் ராணுவ உடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீடு. அவர் கணவர் கலியமூர்த்தி நில அளவை உதவியாளர். 1988இல், வரைபடத்துக்காக வடக்கே எல்லைக் காட்டாறு ஒன்றை அளக்கப் போய் வெள்ளத்தில் இறந்தார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பனிச் சிகரங்களுக்கு நடுவே வெள்ளிச் சரிகையாய் அந்த ஆறு…’

வனஜா தாளைக் கவிழ்த்துப் போட்டார்.

“இன்னாண்ணா இது, காலண்டர் படமா? அவரு செத்தது எங்க கீது?”

அந்த வரியை அடித்துவிட்டேன். (நான் வடக்கே போனதே இல்லை.)

2

அளவை வேலைக்கு அவர்கூடப் போன நூம்பல் ஊர்க்காரர் கஜபதி சொன்னது இது. அக்கரையில் அளவுகோல் பிடிக்க ஆள் வேண்டும். தண்ணீர் கலங்கி ஏறிக்கொண்டிருந்தது.

“நாளைக்கு எறங்குறேன் சார்னாரு கலியமூர்த்தி. மழைக்கு முந்தி முடிக்கணும், இப்பவே போன்னாரு ஆபீசரு. இடுப்புல ஒரு கயிறு கூட இல்ல அண்ணாத்தே. நடு ஆத்துல கோலு மட்டும் தெரிஞ்சிது. அப்பால அதுவும் இல்ல.”

அலுவலக அறிக்கை: ‘அனுமதியின்றிக் குளிக்க இறங்கியவர்.’

இந்த இடத்தில் அதிகாரிக்கும் ஒரு மனசு கொடுப்பது என் வழக்கம். அந்த அதிகாரி ஜானகிராமனுக்கு ஒரு மகள், அவருக்கும் இரவெல்லாம் தூக்கம்…

[நிறுத்திவிட்டேன். ‘குளிக்க’ என்று எழுதிய கைக்கு நான் ஏன் நியாயம் தேட வேண்டும்?]

3

1991இல் வரைபடம் அச்சானது. கணவர் போன இடத்தைப் பார்க்க வேண்டுமென்று வனஜா அலுவலகம் போனார். நானும் போனேன்.

“எல்லைப் பகுதிம்மா, ரகசியம். பொதுமக்களுக்குக் காட்டக் கூடாது” என்றார் குமாஸ்தா.

“அளக்கச் சொல்ல அவரு பொதுமக்களா? எறங்கிச் சாவலாம், பொண்டாட்டி பாக்கக் கூடாதா?”

‘அமைதியா இருங்க’ என்று வனஜாவை வெளியே கூட்டி வந்தவன் நான். இதை எழுதவே கூசுகிறது.

4

மன்னிப்புக் கேட்கும் அதிகாரி என்று ஒரு முடிவு எழுதினேன். பொய். கிழித்தேன்.

கஜபதி பயந்தார். “எம்பேர மாத்திக்கோ. வேல பூடும்.” சுலைமான் என்று மாற்றினேன். மூன்றாம் நாள் சைக்கிளில் வந்தார்.

“எம்பேரயே போடு. செத்தவரு பேரு அப்பிடியே கீது, எனக்கு மட்டும் இன்னாத்துக்கு?”

பார்த்ததையெல்லாம் மனுவாக எழுதிக் கையெழுத்தும் போட்டார். திங்கட்கிழமை மூவரும் மனுவோடு அலுவலகம் போனோம். அதிகாரியின் அறைக் கதவு திறந்தது. ஜானகிராமன் வனஜாவை ஏற இறங்கப் பார்த்தார்.

“யாரும்மா நீங்க?”

வனஜா சொன்ன பதிலை நான் எழுதப்போவதில்லை. உங்கள் வாயில் என்ன வருகிறதோ, அதையே சொல்லுங்கள். உரக்க.