ஓடைக்கு அந்தப் பக்கம் ஆள் சத்தம்

வரைபடத்தில் சாத்தூருக்குக் கிழக்கே, ஓடையைத் தாண்டி, அந்தப் புள்ளி இருந்தது. 'பொம்பளையாளுக வேலை செய்றாக' என்று பக்கத்தில் குறிப்பு. அழகுமீனா அதை அழித்தாள். மறுவாரம் அதே இடத்தில் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை குறித்தவர் வேறொருவர்.

விருதுநகரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் அவளுக்கு வேலை. அதுவரை ஒவ்வொரு துறையும் தனித்தனியாக ஒரு வரைபடம் வைத்திருந்தது. ஒன்றில் சாலை ஓடிய இடத்தில் இன்னொன்றில் கண்மாய் கிடந்தது. எல்லாவற்றையும் ஒரே படமாக்கி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி செய்யும் திட்டத்தில் அவள் ஒப்பந்தப் பணியாளர். ஊருக்கு ஒருவரைப் பிடித்து, எங்கே பட்டாசு ஷெட்டு ஓடுகிறது, எந்தப் பாதையில் வண்டி போகும் என்று செல்போனில் குறிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாள். தீபாவளி சீசனுக்கு முன் புதிதாக ஓர் ஆம்புலன்ஸ் வரப்போகிறது. அது எங்கே நிற்பது என்பதை இந்தப் படத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். சாத்தூர்ப் பக்கமா, திருத்தங்கல் பக்கமா என்பதுதான் கேள்வி.

புள்ளி இருந்த இடம் எது என்று அவளுக்குத் தெரியும். அங்கே இருந்த பட்டாசு ஷெட்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் வெடித்துச் சிதறியது. ஆறு பெண்கள் செத்தார்கள். லைசென்ஸை ரத்து செய்தார்கள், முதலாளி ஊரை விட்டே போய்விட்டார். வானிலிருந்து எடுத்த படத்தில் வெறும் தரையும் கருவேலமரங்களும்தான் தெரிந்தன.

திருட்டுத்தனமாக யாராவது மறுபடி வேலை நடத்துகிறார்களோ என்று முதலில் சந்தேகப்பட்டாள். கடைசியாகக் குறித்த முனியராஜுக்குப் போன் போட்டாள். அவன் பக்கத்து ஊருக்குப் படம் குறிப்பவன், அந்த வழியாகப் பைக்கில் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போய்வருகிறவன். உள்ளே யாரையாவது பார்த்தாயா என்று கேட்டதற்கு, பார்க்கவில்லை என்றான்.

"ஆள் சத்தம் கேட்டா குறிக்கச் சொன்னீக மேடம். கேட்டுச்சு. குறிச்சேன்."

ஒரு தரம் இறங்கிப் போய்ப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றாள். அவன் வேறு யாரையாவது அனுப்பச் சொன்னான்.

அவளே போனாள். சாத்தூரில் இறங்கி, சிற்றுந்து பிடித்து, கடைசி ஊரில் இருளம்மாளைப் பார்த்தாள். அந்த ஊருக்குப் படம் குறிப்பவள் அவள்தான். ஐம்பது வயதுக்காரி. கிணறு, குழாய், பாதை என்று ஊரையே குறித்து அனுப்பியிருந்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம் மட்டும் அவள் கைபட்ட புள்ளி ஒன்றும் இல்லை. அங்கே போக வேண்டும் என்றதும் மறுக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

உச்சி வெயில். ஓடையில் தண்ணீர் இல்லை, மணல்தான். ஏறிப் போனால் பாதிச் சுவர் ஒன்று நின்றது. அதன் மேல் கரி இன்னும் போகவில்லை. தரையில் காகிதக் குழாய்கள் வெளிறிக் கிடந்தன. புது மண் இல்லை, வெடிமருந்து வாசனை இல்லை, காலடித் தடம்கூட இல்லை. அழகுமீனா போட்டோ எடுத்துக்கொண்டாள். ஆள் இல்லை என்று குறித்துவிட்டுத் திரும்பினாள்.

முதுகுக்குப் பின்னால் பேச்சுக் கேட்டது.

நாலைந்து பெண்கள், கையில் வேலையை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. சொற்கள் புரியவில்லை. யாரோ சிரித்தார்கள். பிறகு ஓர் இளங்குரல் மட்டும் தெளிவாகத் தண்ணீர் கேட்டது. திரும்பினாள். சுவர்தான் நின்றது.

இருளம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா தாயி?"

அழகுமீனா தலையை ஆட்டினாள்.

"ஊர்ல எல்லாருக்கும் கேக்குது. ஆடு மேய்க்கவன் சொல்றான், பைக்ல போறவன் சொல்றான். எனக்குத்தான் கேக்கல. எம்மக பானுப்பிரியா இங்கனதான் வேலை பாத்தா."

படம் குறிக்கிற வேலைக்கு வந்ததே இந்தப் பக்கம் நடக்க ஒரு சாக்கு வேண்டும் என்றுதான் என்று அவள் சொன்னாள். தினமும் வந்து நின்றுவிட்டுப் போவாளாம். தன் காதுக்குக் கேட்காததைப் புள்ளியாக வைக்க மனசு வரவில்லையாம். பிறகு, என்ன பேசினார்கள் என்று கேட்டாள். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று அழகுமீனா சொன்னாள். தண்ணீர் கேட்டதைச் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தது. பலர் பலமுறை குறித்ததால் அந்த வெற்றிடத்தில் நிறையப் பேர் வேலை செய்வதாகப் படம் கணக்குக் காட்டியது. அப்படியே விட்டால் ஆம்புலன்ஸ் சாத்தூர்ப் பக்கம்தான் நிற்கும். திருத்தங்கல் பக்கத்து ஷெட்டுகளில் உயிரோடு இருப்பவர்கள் தூரமாகிப் போவார்கள். அழித்தால் தப்பில்லை. ஆனாலும் சுட்டியில் வைத்த விரல் அழுத்தவில்லை. அந்தக் குரலை அவள் தன் காதால் கேட்டிருந்தாள். இருளம்மாளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் விளக்கினாள்.



"அழிச்சிருங்க. உசுரோட இருக்கவளுக்கு வண்டி போகட்டும். ஒண்ணு மட்டும் செய்யுங்க தாயி. வெடிச்ச அன்னைக்கு வண்டி ஓடைக்கு இங்கிட்டே நின்னுபோச்சு. அவுக படத்துல ரோடு இருந்துச்சாம். அங்கன ரோடு கிடையாதுன்னு போட்டுருங்க."

அழகுமீனா புள்ளிகளை அழித்தாள். பழைய படத்திலிருந்து வந்திருந்த சாலைக்கோட்டையும் எடுத்துவிட்டு, வண்டி போகாது என்று எழுதினாள். கூட்டத்தில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வண்டி திருத்தங்கல் பக்கம் என்று முடிவாயிற்று.

தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தப் பக்கத்து ஷெட்டு ஒன்றில் தீப்பிடித்தது. புகை அடங்குமுன் வண்டி போய்விட்டது. கை வெந்த இரண்டு பெண்கள் பிழைத்துக்கொண்டார்கள். அறையில் எல்லோரும் அழகுமீனாவைப் பாராட்டினார்கள். அவளும் சந்தோஷப்பட்டாள். ஆனால் சாத்தூருக்குக் கிழக்கே படத்தை நகர்த்த வேண்டி வந்தால் மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவாள்.

கார்த்திகையில் இருளம்மாள் கூப்பிட்டாள். ஒரே ஒரு தரம் வந்து அந்தக் குரலைக் கேட்டுச் சொல்ல முடியுமா என்றாள். ஊர்க்காரர்களிடம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை போனாள். இருவரும் பாதிச் சுவருக்கு எதிரே நிழலில் உட்கார்ந்தார்கள். அழகுமீனா கண்ணை மூடிக் காத்திருந்தாள். கருவேலங்காய்கள் காற்றில் உரசின. தூரத்தில் ரயில் போனது. வேறு எதுவும் இல்லை. பானுப்பிரியா பேசியதாக எதையாவது சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. போன தடவை சொன்ன பாதி உண்மையே இன்னும் நெஞ்சில் கிடந்தது.

"எனக்கும் இன்னிக்கு ஒண்ணும் கேக்கலம்மா" என்றாள்.

இருளம்மாள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெயில் சாயும்வரை இருவரும் ஒன்றும் கேட்காமல் அங்கேயே இருந்தார்கள்.