பெட்டிக்குப் பிரேக்

மாமா ரெயிலில் வந்தார். என் புதிய பிக்கப்பில் ஏறமாட்டாராம். கிளிநொச்சியிலிருந்து நெல் ஏற்றும் இழுவைப் பெட்டியை வெறுமையாக இழுத்துக்கொண்டு நான் வவுனியாவில் வாகனம் திருத்தும் கராச்சில் போய் இறங்கியபோது, அவர் ஏற்கெனவே வாங்குப் பலகையில் இருந்தார். மடியில் குடை.

பதினான்கு மாதமாக அவர் என்னுடன் நேரே பேசியதில்லை.

அவருடைய மகள் இரஞ்சிதம் என் மனைவி. இரணைமடுக் குளக்கட்டு இறக்கத்தில் செத்தாள். டிராக்டரை ஓட்டியவன் நான். பின்னால் பெட்டியில் பதினெட்டு மூட்டை நெல், மூட்டைகளுக்கு மேலே அவள். குறுக்கே ஓர் எருமை வந்தது. டிராக்டரை நிறுத்தினேன். பெட்டி நிற்கவில்லை. அதற்குப் பிரேக் கிடையாது. டிராக்டரைத் தள்ளிக்கொண்டு போய்க் கவிழ்ந்தது. வாங்கும்போது பூட்டித் தரவா என்று கேட்டார்கள். வன்னியில் மலை எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். வீட்டுக்கு வந்து அதை ஒரு பகிடியாக மாமா மாமியிடமும் சொன்னேன்.

எங்கள் மகள் நேசமலருக்கு மூன்று வயது. அன்றிலிருந்து கிளிநொச்சியில் மாமா மாமியிடம் இருக்கிறாள். டிராக்டரை விற்றேன். பெட்டியை வாங்க ஆள் வரவில்லை. பிக்கப் வாங்கியதும், பிள்ளையை என் ஊருக்கு, அக்கராயனுக்கு, கூட்டிப்போகிறேன் என்றேன். அங்கே வீட்டில் வேறு ஆளில்லை. வயலுக்கும் மில்லுக்கும் போகும்போது அவள் என் பக்கத்து சீற்றில்தான் இருப்பாள். மாமி அன்னபாக்கியம் குசினி வாசலை விட்டு வெளியே வராமல் பதில் சொன்னார்.

"முதல்லை உந்தப் பெட்டியை நிப்பாட்டிக் காட்டும். மாமா தன்ரை கண்ணாலை பாக்கட்டும். பிறகு பிள்ளையைக் கேளும்."

அதற்காகத்தான் வவுனியா.

கராச் யஹ்யா நானாவுடையது. அவர் இரண்டு சாமான்களைச் சாக்கில் பரப்பி வைத்தார். முதலாவது, பழைய இராணுவப் பெட்டி ஒன்றிலிருந்து கழற்றியது.

"இது தள்ளு பிரேக். பெட்டி முன்னுக்குத் தள்ளினா இந்தத் தண்டு உள்ளுக்குப் போகும். போனவுடனை சில்லைப் பிடிக்கும். டிரைவர் நித்திரை கொண்டாலும் அது நித்திரை கொள்ளாது. மற்றது லீவர். கையாலை இழுக்கவேணும்."

"முதலாவதைப் பூட்டுங்கோ" என்றேன்.

மாமா குடையால் நிலத்தில் தட்டினார். "நானா, அது தன்ரை பாட்டிலை பிடிக்குமோ?"

"பிடிக்கும் ஐயா."

"பிடிக்காட்டி?"

"கழட்டித் திருத்தலாம்."

"அதைக் கேக்கேல்லை. பிடிக்காட்டி நான் ஆரைக் கேக்கிறது? தண்டையோ? போனமுறை எருமையைக் கேள் எண்டவர் உவர்." குடை நுனி என் பக்கம் திரும்பியது.

மரண விசாரணையில் எருமை என்றுதான் சொன்னேன். அது உண்மை.

"தானாப் பிடிக்கிறதுதான் நல்லது. மனுசன் பிந்துவான்" என்றேன், யஹ்யா நானாவைப் பார்த்து.

"பிந்தினதை உவரே ஒத்துக்கொள்ளுறார்" என்றார் மாமா, அவரைப் பார்த்தே.

யஹ்யா நானா கையைத் துணியில் துடைத்தார். "ரெண்டு பேரும் எனக்கெல்லோ சொல்லுறியள்! எனக்கு என்ன, பெட்டியோ இருக்கு? ஆளையாள் பாத்துக் கதைச்சா குடியே முழுகிப்போகுமோ?"

"முழுகினதுதான்" என்றார் மாமா. "லீவரைப் பூட்டும்."

இதற்கே மாலையாகிவிடும் என்று நினைத்தேன். "சரி, லீவர். வயர் இழுத்து என்ரை சீற்றுக்குப் பக்கத்திலை வையுங்கோ."

"உவரின்ரை கைக்கோ? அண்டைக்கும் உவருக்கு ரெண்டு கையும் இருந்ததுதானே. படிச்ச கை. பெட்டியின்ரை முன்பலகையிலை பூட்டும் நானா. நான் பிடிக்கிறன்."

யஹ்யா நானா சிரித்துவிட்டார். "ஐயா, ஒவ்வொரு நாளும் பெட்டியிலை ஏறி இருக்கப்போறியளோ?"

"பிள்ளை முன்னுக்கு இருக்கிற நாளெல்லாம் நான் பின்னுக்கு இருப்பன்."

அப்படியென்றால் அவர் என் வீட்டில் இருப்பார். என் பானையில் சாப்பிடுவார். காலையில் எழும்பினால் முதலில் அவர் முகம்.

"பெட்டி என்ரை" என்றேன்.

"பெட்டி உவரின்ரை. பிள்ளை ஆரிட்டை இருக்கு எண்டு கேளும் நானா."

யஹ்யா நானா கேட்கவில்லை. லீவரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பூட்டுங்கோ" என்றேன்.

வேலை மூன்று மணிக்கு முடிந்தது. மாமா பெட்டியில் ஏறி, முன்பலகையோடு சாய்ந்து, லீவரில் கை வைத்துக்கொண்டு இருந்தார். ஐம்பது மைல் இருக்கும். பக்கத்தில் வந்து இருங்கள் என்று நான் சொல்லவில்லை. வேகத்தையும் குறைக்கவில்லை. கண்ணாடியில் புழுதியும் ஒரு குடையும் தெரிந்தன.

முறிகண்டியில் எந்த வாகனமும் பிள்ளையாருக்கு நிற்கும். புது வாகனம் என்றால் தேங்காய் உடைக்காமல் போகாது. நான் பதினான்கு மாதமாக நிற்பதில்லை. கோயிலைக் கடந்தபோது பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல் இருந்தது. பெட்டியின் சில்லுகள் இறுகித் தேய்ந்தன. எஞ்சின் இரண்டு முறை குலுங்கி நின்றது.

மாமா இறங்கினார். கடையில் தேங்காய் வாங்கினார், உடைத்தார், விபூதி பூசினார், திரும்ப ஏறினார். லீவரைத் தளர்த்தும் சத்தம் கேட்டது. நான் எஞ்சினை இயக்கினேன்.

மறுநாள் காலை குளக்கட்டுக்குப் போனோம். மூட்டைகளை மாமாவே எண்ணி ஏற்றுவித்து, தானும் லீவரடியில் ஏறினார். பதினெட்டு. பதினாறு போதும் என்று நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. இறக்கத்தின் அடியில், பாதையை விட்டுத் தள்ளி, மாமி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிக்கப்பை இறக்கத்தில் விட்டேன். அன்றைய வேகம்தான். எருமை வந்த இடத்தில் மருத மரம் ஒன்று நிற்கிறது. அதற்கு நேரே வந்ததும் பிரேக்கை மிதித்தேன்.

பிக்கப் நின்றது. பெட்டி நிற்கவில்லை. கொளுக்கி இடித்தது. முதுகில் அந்தத் தள்ளு வந்தது. அதே தள்ளு. பின்சில்லு வழுக்கி, பிக்கப்பின் மூக்கு வாய்க்கால் பக்கம் திரும்பியது. இதை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் லீவர் ஏறும் சத்தம் கேட்டது. டக், டக், டக். எல்லாம் நின்றது.

இறங்கிப் பின்னால் போனேன். அவர் மூட்டைகளுக்கு முன்னால் காலை அகட்டி இருந்தார். இரண்டு கையும் லீவரில். இறக்கத்தின் உச்சியிலிருந்தே கை அங்கேதான் இருந்தது. கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். பிந்தியது தவறுதல் இல்லை.

"தெரிஞ்சுதோ?" என்றார்.

பதினான்கு மாதத்தில் எனக்கென்று சொன்ன முதல் சொல்.

"ஓம்."

"அண்டைக்கு அவள் சத்தம்போட்டுக் குளறினவளோ?"

"இல்லை."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். வாயில் வெற்றிலை இல்லாமலே அவர் துப்பினார். பிறகு கீழே நின்ற மாமியைப் பார்த்துச் சத்தம் வைத்தார்.

"பெட்டி நிக்குது! பிள்ளையின்ரை உடுப்பைக் கட்டு. என்ரையையும் கட்டு."

மாமி பிள்ளையை மற்றப் பக்கத்து இடுப்புக்கு மாற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை நேசமலரை என் பக்கத்து சீற்றில் ஏற்றினேன். காலுக்குக் கீழே அவளுடைய துணிமூட்டை. மாமா தன் தகரப் பெட்டி, பாய், குடை எல்லாவற்றுடனும் பின்னால் ஏறினார். இரண்டாம் கியரைத் தாண்ட முடியவில்லை. வழி மட்டமான வழி, ஒரு பள்ளம்கூட இல்லை. அவர் லீவரைப் பாதி இழுத்தபடியே வைத்திருந்தார்.

"அப்பா, என்னவோ மணக்குது."

"பிரேக் எரியுது."

"ஏன்?"

"அம்மப்பா பிடிச்சுக்கொண்டு வாறார்."

அவள் திரும்பிப் பின் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு அவருக்குக் கை காட்டினாள். அவருடைய இரண்டு கையும் லீவரில் இருந்தன. எடுக்கவில்லை.

நானும் நிறுத்தி, லீவரை விடச் சொல்லவில்லை. அக்கராயன் வரைக்கும் அப்படியே இழுத்துக்கொண்டு போனேன்.