ஒற்றைக் காவல்

விடியற்காலைப் பனியில் இரும்பு சில்லிட்டிருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் அணுமின் நிலையத்து எரிபொருள் கிடங்கின் கதவு அசையும். அதற்குப் பூட்டு இரண்டு. இருவர் சேர்ந்துதான் திறக்க வேண்டும் என்பது பாதுகாப்பு வாரியத்தின் விதி. ஒப்பந்தக் கம்பெனி காவலாட்களைப் பாதியாகக் குறைத்த பிறகு இரண்டு சாவியும் அங்கே தனியாகக் காவல் நிற்கும் அவள் இடுப்பில்தான். அதனால் சாவியக்கா என்றே பெயராகிவிட்டது.

பேச்சுத் துணைக்கு ஈ காக்கை கிடையாது. நிலையத்தின் மற்ற வாசல்களில் இதேபோல் தனியே நிற்கும் காவலாட்கள் அவளுக்கு வாக்கிடாக்கியில் வரும் குரல்கள் மட்டுமே. வீடு திரும்பி மகளைக் கூப்பிட வாயெடுத்தால் தொண்டை கட்டிக்கிடக்கும். பாழும் தனிமை.

வாரியத்து ஆய்வாளர் வந்தால் சொல்ல, கம்பெனி ஒரு பதில் கற்றுக்கொடுத்திருந்தது: கூட இருப்பவர் கக்கூஸ் போயிருக்கிறார். எல்லா வாசலிலும் ஒரே நேரத்தில் வயிறு கலங்கும் அதிசய நிலையம்! வேலைக்குப் பயந்து அவளும் கிளிப்பிள்ளையாய் ஒப்பித்தாள்.

போன வாரம் மூன்றாம் வாசல் கட்டைக்குரல்காரர் மயங்கி விழுந்தார். ஷிப்ட் மாற வந்தவர்கள்தான் பார்த்துத் தூக்கினார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் ஒரு பக்கம் விளங்காமல் கிடக்கிறார். சாவியக்காவுக்கு நெஞ்சு ஆறவில்லை. இனி யாரும் பொய் சொல்ல வேண்டாம் என்று வாக்கிடாக்கியில் எல்லோரையும் கேட்டுக்கொண்டாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இன்று ஆய்வாளரம்மா வந்தார், ஒட்டிக்கொண்டே கம்பெனி மேனேஜரும். அவர்களைக் கண்டதுமே, பேசுவது எல்லா வாசலுக்கும் கேட்கட்டும் என்று சாவியக்கா வாக்கிடாக்கிப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"இன்னொருத்தர் எங்கம்மா?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "இப்பதான் கக்கூஸ் போனாரு மேடம்."

"அப்படி ஒருத்தரே கிடையாதுங்க. ரொம்ப நாளா நான் ஒருத்திதான்."

"யோசிச்சுப் பேசு. நாளைக்கு வேலைக்கு வரணுமா, வேணாமா?"

"வரணும் சார். கூட ஒரு ஆளும் வரணும்."

சாவியைக் கழற்று என்று மேனேஜர் கையை நீட்டினார். அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். மகள் முகம் கண்ணில் வந்து போனது.

வாக்கிடாக்கி கரகரத்தது. "ரெண்டாம் வாசல். இங்கயும் நான் ஒருத்தன்தான் மேடம்."

"நாலாம் வாசல். இங்கயும் அப்படித்தான்."

ஆய்வாளரம்மா நிமிர்ந்து பார்த்தார். மேனேஜரின் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

"மூணாம் வாசல்," என்றது அவள் இதுவரை கேட்டிராத ஒரு குரல். "விழுந்தவருக்குப் பதிலா வந்தவன். என்னையும் தனியாத்தான் விட்டிருக்காங்க. அக்கா, சாவியக் குடுக்காதீங்க. நாங்க வரோம்."