அரத்துக்கு ஒரு கைப்பிடி

என் பிள்ளை நகுல் டொரான்டோவிலிருந்து அனுப்பிய பெட்டியில் ஒரு சக் இருந்தது. மரம் கடைகிற லேத்தில் கட்டையைக் கவ்விப் பிடிக்கும் நான்கு தாடைச் சக். நல்ல சாமான்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் மும்பை செம்பூர் வீட்டுப் பின்னறையில் நான் வைத்திருப்பது இரும்பு கடைகிற லேத். அதன் திருகு மரை வேறு, இதன் மரை வேறு. வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யார் கேட்டார்கள்?

என் மனைவி அபயம் போன பிறகு அவனுக்கு என்னைப் பற்றி ஒரே கவலை. அப்பா சும்மா உட்கார்ந்திருக்கிறார், டிவி கூடப் போடுவதில்லை, அழவும் இல்லை என்று. உண்மைதான். அழுகை வரவில்லை. வராததற்கு நான் என்ன செய்ய? கோயம்புத்தூரில் வயதானவர்களுக்கான குடியிருப்பு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். மூன்று வேளைச் சாப்பாடு, டாக்டர், சாயங்காலம் பஜனை. பஜனையாவது மண்ணாங்கட்டியாவது! ஃபோனில் பெரிய சண்டையாகி, கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். தீபாவளிக்குள் மரத்தில் ஏதாவது ஒன்று கடைந்து காட்டினால், நான் நன்றாக இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு என்னை இங்கேயே விட்டுவிடுவான். இல்லாவிட்டால் கோயம்புத்தூர், வீட்டை விற்க வேண்டியதுதான்.

எனக்குப் போக இஷ்டமில்லை. நான் போனால் அபயத்தின் சாமான்களை பழைய சாமான் வாங்குகிற பங்கார்க்காரன் ஒருவன் வந்து எடை போட்டு மூட்டை கட்டிக்கொண்டு போவான். அது நடக்கக் கூடாது. அவள் போனதற்கு வராத கோபம் அதை நினைத்தால் வந்தது. அதனால் அவன் அனுப்பிய சக்கை லேத்தில் மாட்டுவது என்று முடிவு செய்தேன்.

டிராம்பேயில் ஒரு ஃபாக்டரி டூல் ரூமில் தலை நரைத்தவன் நான். இது எனக்கு ஒரு வேலையே இல்லை. நடுவில் ஒரு அடாப்டர் கடைய வேண்டும். ஒரு பக்கம் லேத்தின் மரை, மறுபக்கம் சக்கின் மரை. அதற்கு ஒரு துண்டு இரும்பு வாங்க, தாராவியில் பட்டறை வைத்திருக்கும் கரீம் பாட்சாவிடம் போனேன். திருநெல்வேலிக்காரர், பழைய பழக்கம். தானே கடைந்து தருகிறேன் என்றார். எனக்குக் கையில்லையா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டம்மா விஷயம் கேள்விப்பட்டேன் என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? இரும்பைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு வாசல்வரை வந்தார்.

"நல்ல மரத்துல மொதல்லயே கை வைக்காதீங்க சார்," என்றார். "வீட்டுல சும்மா கெடக்க எதையாவது மாட்டிப் பழகிக்கிடுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

உள்மரையை வெட்டி முடித்ததும், துண்டை லேத்தின் சுழலும் ஸ்பிண்டிலிலேயே ஏற்றி இறுக்கி, அங்கேயே வைத்து வெளிமரையை வெட்டினேன். கழற்றி வேறு இடத்தில் பிடித்து வெட்டினால் மையம் விலகிவிடும். கூச்சல் போடுகிற மாடி வீட்டுக்காரி ஊரில் இல்லாதது நல்லதாயிற்று. சக் வழுக்கிக்கொண்டு ஏறிப் பொருந்தியது. மெல்லச் சுற்றவிட்டு, மையம் விலகுகிறதா என்று டயலை வைத்துப் பார்த்தேன். முள் அசையவே இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சரியாக இருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

மரத்தூள் எண்ணெயைக் குடித்துத் துருப்பிடிக்க வைக்கும் என்று லேத்தின் மேல் பேப்பர் விரித்தேன். அதெல்லாம் மறக்கவில்லை. மரத்துக்கு எங்கே போவது என்பதைத்தான் யோசித்திருக்கவில்லை. எழுந்து வீட்டைச் சுற்றிவந்தேன். சமையலறை ஷெல்ஃபில் அப்பளக் குழவி இருந்தது. உருண்டை, நன்றாகக் காய்ந்தது, விரிசல் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரேகை நேராக ஓடுகிறதா என்று பார்த்தேன். நேராக ஓடியது. எடுத்துவந்து இரண்டு முனையையும் அறுத்துத் தள்ளிவிட்டு, நடுத்துண்டைச் சக்கில் மாட்டினேன்.

மரம் வெண்ணெய் மாதிரி சீவிக்கொண்டு வந்தது. சட்டி, கிண்ணமெல்லாம் எனக்கு எதற்கு? அரத்துக்கு ஒரு கைப்பிடி கடைந்தேன். உள்ளங்கையில் உட்காரும்படி நடுவில் கொஞ்சம் பருமன் விட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அரத்தைச் செருகினேன். நகுலுக்கு வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவனுக்கு வாயெல்லாம் பல். இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று எல்லாப் பக்கமும் பார்த்தான். பொண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினான். அப்பா பழைய அப்பாவாக ஆகிவிட்டார் என்று அவளிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"சரிப்பா, நான் தோத்துட்டேன். நீங்க அங்கேயே இருங்கோ. கோயம்புத்தூர்ல வேண்டாம்னு இன்னிக்கே சொல்லிடறேன்," என்றான். அப்புறம் கேட்டான், "பளபளன்னு இருக்கே, என்ன மரம்ப்பா? எங்க கெடைச்சுது?"

"ஆத்துலயே இருந்தது. அம்மாவோட அப்பளக் குழவி."

அவன் ஃபோனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"அம்மாவோட குழவியாப்பா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

மரம் நல்ல மரம்டா என்று சொல்ல வாயெடுத்தேன். குனிந்து பார்த்தேன். பேப்பர் முழுக்கச் சுருள் சுருளாக மரம். அதற்கு நடுவில் நான் அறுத்துத் தள்ளிய முனைகள் கிடந்தன. அபயம் பிடித்துப் பிடித்துக் கறுத்த முனைகள். இரண்டையும் எடுத்தேன். ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் அவள் முகத்தைத் துணியால் மூடியபோதுகூட எனக்கு அந்தப் பயம் வரவில்லை.

நகுல் அழுதுகொண்டே, பரவாயில்லைப்பா, தெரியாமத்தானே பண்ணினேள், பரவாயில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். தெரியாமல் இல்லை. கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, நன்றாகப் பார்த்துத்தான் மாட்டினேன்.

"கோயம்புத்தூர்ல வேண்டாம்னு சொல்லாதேடா," என்றேன். "நான் போயிடறேன். இங்க இருந்தா அவ சாமானையெல்லாம் நானே ஒண்ணொண்ணாத் தீர்த்துடுவேன்."