நாலாவது துண்டு

1

இந்தக் கதை இரவல். திருப்பித் தரும் எண்ணமும் எனக்கு இல்லை. என் குடல்வாலை வெட்டியெடுத்த பிறகு ரிப்போர்ட் வாங்க ஆய்வகத்துக்குப் போனேன். சன்னலில் உறையை நீட்டிய பெண்ணின் கண்கள் சிவந்திருந்தன. என்னம்மா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். கொட்டித் தீர்த்துவிட்டாள்.

2

'பாட்டிலுக்குள் வெளிறிய புழுவைப் போல் அண்ணனின்...'

சீ, வேண்டாம். நேராகவே சொல்கிறேன்.

வருகிற குடல்வாலில் அடி, நடு, நுனி என்று மூன்று துண்டு வெட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க டாக்டரம்மாவிடம் கொடுப்பது அவள் வேலை. மீதி ஒரு மாதம் பாட்டிலில் கிடந்து குப்பைக்குப் போகும். எங்காவது தடித்திருந்தால் நாலாவதும் வெட்டுவாள். சீழ்பிடித்த குடல்வாலுக்குள் புற்றுக்கட்டி ஒளிந்திருக்கலாம் என்பது அவளுக்கு அத்துப்படி.

ஒரு நாள் வந்த பாட்டிலில் அவள் அண்ணன் பெயர். நடுவுக்கும் நுனிக்கும் இடையே லேசாகத் தடிப்பு. கத்தியை வைத்தாள், எடுத்துவிட்டாள். சொந்த அண்ணன் என்றால் தனிக் கவனிப்போ என்று பக்கத்து மேசையில் கேலி செய்வார்களே என்ற கூச்சம். ஊருக்கெல்லாம் நாலு வெட்டியவள் அண்ணனுக்கு மூன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

[இந்த இடத்தில் நான் அவளை நம்பவில்லை. இவ்வளவு நேர்மையா ஒருத்தி? அப்புறம் புரிந்தது: நேர்மை இல்லை, நேர்மையானவள் என்று பெயர் வாங்கும் ஆசை. அது எனக்கும் உண்டு.]

ரிப்போர்ட்டில் வெறும் வீக்கம் என்று வந்தது. இரண்டு வருடம் கழித்து அண்ணனுக்கு வயிறு உப்பியது. கட்டி எங்கும் பரவிவிட்டது, டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

3

முடிவு ஒன்று: அவள் நாலாவதையும் வெட்டுகிறாள், அண்ணன் பிழைக்கிறான். பொய். அந்தப் பாட்டில் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது.

முடிவு இரண்டு: அண்ணன் காலைப் பிடித்து உண்மையைச் சொல்கிறாள். அவன் அவளை மன்னி...

முடிக்க வரவில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவன் சொல்கிறானாம்: "அப்பவே என் தங்கச்சி கையால பாத்தாச்சு. ஒண்ணுமே இல்ல. இது புதுசா வந்தது."

நேற்று அவளிடமே கேட்டிருக்கிறான்: "நல்லாத்தானே பாத்தே, பாப்பா?"

தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டாளாம்.

"இன்னிக்கும் கேப்பான். நான் என்ன சொல்லட்டும்?" என்று சன்னலுக்குள்ளிருந்து என்னைக் கேட்டாள்.

எழுதிப் பிழைக்கிறவன் நான். உறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் பிரித்துப் பார்த்தேன். கட்டி எதுவும் இல்லை. வெட்டிய துண்டுகள்: நாலு.

அவள் இப்போது அண்ணன் படுத்திருக்கும் வார்டுக்குப் போயிருப்பாள். நீங்களாவது ஏதாவது சொல்லுங்கள்.