வராத சொல்

உய்யக்கொண்டான் வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ராக்கம்மாள் தன் எட்டு மாதப் பெண்ணுக்குத் தலை அலசிக்கொண்டிருந்தாள். அப்போது அடிவயிற்றிலிருந்து குளிர் போல ஒன்று கிளம்பி நெஞ்சுக்கு ஏறியது. நாக்கில் துருப்பிடித்த இரும்பின் ருசி. இன்னும் கொஞ்ச நேரத்தில் வலிப்பு வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

சின்ன வயசிலிருந்தே வருவதுதான். கல்யாணம் முடிந்து உறையூருக்கு அனுப்பும்போது, யாரிடமும் மூச்சு விடாதே, தெரிந்தால் அன்றைக்கே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். ராக்கம்மாளும் சொல்லவில்லை. புருஷன் ரத்தினவேல் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குக் காலையிலேயே சைக்கிளில் போய்விடுவான். மாமியார் பாப்பாயி கீரைக் கூடையோடு தெருத்தெருவாகப் போய்விடுவாள். இதுவரை வந்தபோதெல்லாம் வீட்டில் வேறு யாரும் இல்லை. இன்றைக்குக் கையில் பிள்ளை இருந்தது.

படியில் பக்கத்து வீட்டுப் பாக்கியமேரி முதுகைக் காட்டிக்கொண்டு துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அக்கா, பிள்ளையைப் பிடிங்க என்று சொல்ல ராக்கம்மாள் வாயைத் திறந்தாள். "குடம்" என்று வந்தது.

"இங்கதான் இருக்கு, அப்புறம் எடுத்துக்க" என்றாள் பாக்கியமேரி, திரும்பாமலே.

மறுபடியும் முயன்றாள். மறுபடியும் குடம்தான் வந்தது. தப்பு என்று அவள் காதுக்கே தெரிந்தது. கத்தப் பார்த்தாள்; தொண்டை மூடிக்கொண்டது. துணி அடிக்கிற சத்தம் எங்கேயோ தூரத்தில் போய்விட்டது. வலது கை விரல்கள் தானாக வெட்டத் தொடங்கின. பிள்ளை ஒரு சாண் சறுக்கி, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது.

இடது கையால் அதை இறுக்கிக்கொண்டு படியை நோக்கி நகர்ந்தாள். கால் சேற்றில் புதைந்தது. பாக்கியமேரியின் பக்கத்தில் பிழிந்த துணி குவிந்து கிடந்தது. அதன்மேல் பிள்ளையைத் தள்ளியதுதான் அவளுக்குக் கடைசி ஞாபகம்.

கண் விழித்தபோது கரையில் கிடந்தாள். நாக்கு கடிபட்டிருந்தது. கைக்குள் யாரோ ஒரு சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். சுற்றிலும் ஆட்கள். பெற்ற பிள்ளையைத் தூக்கி எறிந்துவிட்டாள், ஏதோ பிடித்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். எல்லாம் காதில் விழுந்தது. இல்லை என்று சொல்ல நாக்கு இன்னும் புரளவில்லை. யாரோ சொல்லி ஓடிவந்த பாப்பாயி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு தள்ளியே நின்றாள்.

"எறியல. எங்கிட்டக் கொடுத்தா" என்றாள் பாக்கியமேரி. "கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தா. நான்தான் திரும்பிப் பார்க்கல." அவள் சேலை கழுத்துவரை நனைந்திருந்தது. ராக்கம்மாளைத் தண்ணீரிலிருந்து இழுத்தது அவள்தான்.

சாயங்காலம் ரத்தினவேல் கேட்டதற்கு ராக்கம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன், எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் என்று மட்டும் சொன்னான். மறுநாள் வேலைக்குப் போகாமல் டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். அவர் கொடுத்த மருந்து பகலெல்லாம் தூக்கத்தைக் கொண்டுவந்தது. வலிப்பு குறைந்தது, நிற்கவில்லை.

அதன்பிறகு பாப்பாயி கீரை விற்கப் போகவில்லை. பால் கொடுக்கிற நேரம் தவிர பிள்ளையை ராக்கம்மாளிடம் விடவில்லை. வாய்க்காலுக்கோ அடுப்படிக்கோ அவளைத் தனியாக அனுப்பவும் இல்லை. ராக்கம்மாள் சுவரில் சாய்ந்து, அடுத்த அறையில் தன் பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் ராக்கம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் வந்தது. எதிரே பாப்பாயி, இடுப்பில் பிள்ளை. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பாப்பாயி அவள் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையைப் பாயில் இறக்கிவிட்டு ஓடிவந்து அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, பயப்படாதே, நான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ராக்கம்மாளுக்குத் தெளிந்ததும் பாப்பாயி கேட்டாள், "நான் பேசினது உனக்குக் கேட்டுச்சா?"

"நெனவு தப்புற வரைக்கும் கேட்டுச்சு அத்தை. பதில்தான் சொல்ல முடியல."

பாப்பாயி எழுந்துபோய், பால் நேரம் ஆகாமலே பிள்ளையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள். போட்டுவிட்டு, ஒரு கையைப் பிள்ளையின் மேல் வைத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.